மெர்ன் மோகமும் ஜாங்கோ என்னும் பழைய சோறும்

இறுதியாண்டு கணினித் துறை மாணவர்கள் நான்கு பேரைப் பிடித்து "ப்ராஜெக்ட் எதில் செய்கிறீர்கள்?" என்று கேட்டால், மூன்று பேர் வாயிலிருந்து வருவது ஒரே சொல்தான்: மெர்ன். ஏன் மெர்ன் என்று அடுத்த கேள்வி கேட்டால் பதில் கொஞ்சம் தடுமாறும். சீனியர் அதில்தான் செய்தார். யூடியூபில் அதற்குத்தான் நிறைய வீடியோ இருக்கிறது. வேலை விளம்பரத்தில் அந்தப் பெயர் வருகிறது. செய்யப்போகும் வேலைக்கும் எடுக்கும் கருவிக்கும் பொருத்தம் உண்டா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் இது ஆச்சரியம்தான் :-)

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. மெர்ன் என்பது மாங்கோடிபி, எக்ஸ்பிரஸ், ரியாக்ட், நோட் ஆகிய நான்கு பெயர்களின் முதலெழுத்துச் சேர்க்கை. தரவைச் சேமிக்க மாங்கோடிபி, சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்ட நோட், அதன்மேல் எக்ஸ்பிரஸ், திரையில் தெரிவதற்கு ரியாக்ட். நான்கும் வெவ்வேறு ஆட்களால், வெவ்வேறு காரணங்களுக்காக உருவாக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் தன்னளவில் நல்ல கருவிதான். கடவுச்சொல்லை எப்படிச் சேமிக்க வேண்டும் என்றுகூட இன்னும் தெரியாத ஒருவர் கையில் இந்த நான்கையும் கொடுத்து "நீயே சேர்த்துக் கட்டிக்கொள்" என்று அனுப்புவதுதான் தவறு. சின்னக் குழு, குறைந்த நாள், கையில் அனுபவம் இல்லை என்றால் எடுக்க வேண்டியது ஜாங்கோ. பைதானில் எழுதப்பட்ட, இருபது வருடப் பழைய, யாருக்கும் புல்லரிக்காத ஜாங்கோ.

அது பிறந்த கதையிலேயே பாதி வாதம் இருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஓர் ஊர். அங்கே லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்டு என்ற உள்ளூர்ச் செய்தித்தாள். 2003ல் அதன் இணையப் பிரிவில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இரண்டு நிரலாளர்கள் எழுதத் தொடங்கியதுதான் பின்னால் ஜாங்கோ ஆயிற்று. செய்தி அறையில் வேலை எப்படி நடக்கும் என்று யோசித்தால் போதும். காலையில் ஆசிரியர் ஒரு யோசனை சொல்வார், சாயங்காலம் அது இணையத்தில் இருந்தாக வேண்டும். செய்தியை உள்ளிடப்போவது நிருபர். அவருக்கு எஸ்க்யூஎல்லும் தெரியாது, எச்டிஎம்எல்லும் தெரியாது. எனவே ஒவ்வொரு முறையும் லாகின், தரவு உள்ளிடும் படிவம், தேடல், பட்டியல் என்று ஒரே ஆணியைத் திரும்பத் திரும்பப் பிடுங்காமல், பொதுவானதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தார்கள். 2005 ஜூலையில் அது எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயர் வைக்கப்பட்டது. தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் ஏறக்குறைய செயலிழந்த பிறகும் மீதி விரல்களால் வாசித்துப் பேரெடுத்தவர் அவர்.

குறைந்த நாள், சின்னக் குழு, நிரல் தெரியாத பயனாளி. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டின் நிலைமையும் அச்சு அசல் இதேதான். கல்லூரியில் செய்யப்படும் பெரும்பாலான வலைத்தளங்களைக் கடைசியில் பயன்படுத்தப்போவது ஒரு கிளார்க்கோ, நூலகரோ, வார்டனோதான்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். விடுதி மெஸ் கணக்கு. பல விடுதிகளில் இருப்பது டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவு மொத்தத்தையும், எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு நாள் ரேட். 400 பேர், 30 நாள், ஆக 12,000. ஊருக்குப் போனவர்களின் 2,000 நாட்களைக் கழித்தால் 10,000. செலவு 9 லட்சம் என்றால் நாளொன்றுக்கு 90 ரூபாய். 24 நாள் சாப்பிட்டவர் கட்ட வேண்டியது 2,160. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒருவருடைய விடுப்புப் பதிவு ஒன்று தவறிப்போனால் ரேட் மாறும், ரேட் மாறினால் 400 பேருடைய பில்லும் மாறும். ஒவ்வொரு தகவலும் இன்னொன்றின் காலைப் பிடித்துத் தொங்குகிற தரவு இது. இப்படிப்பட்ட தரவுக்கென்றே எழுபதுகளிலிருந்து செதுக்கப்பட்டு வருவது அட்டவணைகளும் உறவுகளும் கொண்ட ரிலேஷனல் தரவுத்தளம்.

மெர்ன் குழு இதை மாங்கோடிபியில் வைக்கும். மாணவர் ஓர் ஆவணம், விடுப்பு ஓர் ஆவணம், பில் ஓர் ஆவணம். மாணவரை நீக்கினால் அவருடைய விடுப்பும் பில்லும் என்ன ஆகும்? மாங்கோடிபி கேட்காது. இல்லாத மாணவருக்குரிய பில் உள்ளே அப்படியே கிடக்கும். நிரல் எழுதுபவர் ஞாபகமாகக் கவனித்துக்கொண்டால் உண்டு. ஜாங்கோவிலோ, 2017ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து ஓர் அட்டவணையை இன்னொன்றோடு இணைக்கும்போதே "அது நீக்கப்பட்டால் இது என்ன ஆக வேண்டும்" என்று எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் நிரலே ஓடாது. சேர்ந்து நீங்கட்டும், அல்லது நீக்கவே விடாதே, அல்லது காலியாக விடு. முதல் நாளே அந்தக் கேள்வியைச் சந்திக்கிற மாணவருக்குத் தரவுத்தளப் பாடத்தில் மனப்பாடம் செய்த ஃபாரின் கீ எதற்கென்று அப்போதுதான் புரியும்.

பணக் கணக்கில் இன்னொரு பொறி. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பைதானின் மிதவை எண்ணிலும் அதேதான் வரும், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஜாங்கோவில் பணத்துக்கு டெசிமல் புலம் தயாராக இருக்கிறது. எத்தனை இலக்கம், புள்ளிக்குப் பின் எத்தனை என்று சொல்லிவிட்டால் தரவுத்தளம் வரைக்கும் துல்லியமாகப் போகும். மாங்கோடிபியிலும் டெசிமல் வகை உண்டு. மெர்ன் வீடியோக்கள் பலவும் விலைக்கு நம்பர் என்று போட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகின்றன, அதைப் பார்த்து எழுதுபவரும் போய்விடுகிறார்.

அடுத்தது அட்மின் பக்கம். ஜாங்கோவை எடுப்பதற்கு இது ஒன்றே போதும் என்று சொன்னாலும் தப்பில்லை. மாணவர், விடுப்பு, பில் என்று மூன்று மாடல்களை எழுதி, அவற்றை அட்மினில் பதிவு செய்ய ஆளுக்கொரு வரி சேர்த்தால், அன்று மாலையே பட்டியல், சேர்க்கும் படிவம், திருத்தும் படிவம், எல்லாம் வந்துவிடும். தேடலும் வடிகட்டலும் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு மூன்று வரி. வார்டன் பார்க்க மட்டும், கிளார்க் சேர்க்கவும் திருத்தவும், நீக்குவதற்கு மெஸ் செயலருக்கு மட்டும் என்று குழு வாரியாக அனுமதி பிரிக்கலாம். அட்மின் வழியாக யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாறும் தானாகவே பதிவாகும். மெஸ் பில்லில் தகராறு வருவது நிச்சயம் என்பதால் அந்த வரலாற்றுக்கு மதிப்பு அதிகம். ஜாங்கோவோடு வரும் மொழிகளில் தமிழும் ஒன்று. அமைப்புக் கோப்பில் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் அட்மின் பக்கத்தின் பல சொற்கள் தமிழில் தெரியும். மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை. ஆர்வமுள்ளவர்கள் கை கொடுக்கலாம்.

மெர்ன் குழு இதே இடத்துக்கு வந்துசேர என்னென்ன எழுத வேண்டும்? ஒவ்வொரு மாடலுக்கும் நான்கு ஏபிஐ, ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு, ரியாக்டில் பட்டியல், படிவம், அந்தப் படிவத்துக்கு மறுபடியும் சரிபார்ப்பு, பக்கம் பக்கமாகப் பிரிப்பது, பிழை வந்தால் காட்டுவது, இரண்டு சர்வர்களையும் பேச வைக்கும்போது கட்டாயம் வந்து நிற்கும் கார்ஸ் சிக்கல். முதல் ரிவியூவுக்கு அழகான லாகின் பக்கம் தயாராக இருக்கும். இரண்டாவது ரிவியூவுக்கு அதே லாகின் பக்கம், கொஞ்சம் அனிமேஷனோடு. பில் கணக்கைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். கேட்டால் "ஃபுல் ஸ்டாக்" என்பார்கள்.

இனி பாதுகாப்பு. கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் மேலே சொன்னவை நேர விரயம்தான், இங்கே கெடுதல் மற்றவர்களுக்கு. உள்ளே இருப்பது 400 பேருடைய பெயர், தொலைபேசி எண், கடவுச்சொல். அந்தக் கடவுச்சொல்லையே பலர் மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பார்கள்.

ஜாங்கோவில் பயனர் கணக்கு உள்ளேயே இருக்கிறது. கடவுச்சொல்லை அப்படியே சேமிக்க வேண்டுமென்றால் வேலை மெனக்கெட்டுத் தப்பு செய்ய வேண்டும். இயல்பாக அது பிபிகேடிஎஃப்2 என்ற முறையில், ஒவ்வொருவருக்கும் தனி உப்புச் சேர்த்து, திரும்பத் திரும்பக் குலைத்துச் சேமிக்கப்படுகிறது. 2012ல் வந்த 1.4 பதிப்பில் இந்தச் சுற்றுகள் 10,000. கணினிகள் வேகமாகிக்கொண்டே போவதால் பதிப்புக்குப் பதிப்பு கூட்டிக்கொண்டே வந்தார்கள். 2025 ஏப்ரலில் வந்த 5.2ல் அது 10 லட்சம். புதிய பதிப்புக்கு மாறிய பின் பயனர் அடுத்த முறை லாகின் செய்யும்போது அவருடைய பழைய பதிவும் தானாகப் புதிய கணக்குக்கு ஏறிவிடும். எக்ஸ்பிரஸ் எழுதும் மாணவர் பிகிரிப்ட் என்ற நல்ல நூலகத்தைத் தேடிப்பிடித்துச் சேர்க்கலாம்தான். முதலில் அப்படி ஒன்று தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு எக்ஸ்பிரஸ் ஒன்றும் சொல்லாது.

லாகினிலேயே ஓர் ஓட்டையைப் பார்க்கலாம். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஒத்துப்போகும் ஆவணத்தைத் தேடு என்று மாங்கோடிபிக்கு வினவலை எழுதுகிறார் ஒருவர். வருவது ஜேசன் என்பதால், குறும்புக்காரர் கடவுச்சொல் இடத்தில் சொல்லுக்குப் பதில் "காலிக்குச் சமமில்லை" என்ற நிபந்தனையையே அனுப்பலாம். கடவுச்சொல் காலியாக இல்லாத எல்லோரும் அந்த நிபந்தனையில் தேறிவிடுவார்கள். கதவு திறந்துவிடும். இது ஊரறிந்த தாக்குதல். ஆனால் வீடியோ பார்த்துக் கட்டும் ஊரில் இன்னும் அறியப்படவில்லை. மாங்கோடிபியையே கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து வைத்து, 2017 ஜனவரியில் பல்லாயிரக்கணக்கான தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு "பணம் கொடு" என்று குறிப்பு வைக்கப்பட்டதும் நடந்த கதைதான். அதற்குப் பின் அதன் இயல்பு அமைப்பு இறுக்கப்பட்டது.

அதேபோல டோக்கனை உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் வைக்கும் பழக்கம். பக்கத்தில் ஒரு வரி அந்நிய ஸ்கிரிப்ட் ஓடினால் போதும், டோக்கன் போய்விடும். ஜாங்கோவின் செஷன் குக்கியை இயல்பாகவே ஸ்கிரிப்ட்டால் தொட முடியாது. அதன் வார்ப்புருக்கள், பயனர் தட்டியதைத் திரையில் காட்டும்போது கோணக் குறிகளைத் தாமே முடக்கிவிடும். வேறொரு தளத்திலிருந்து திருட்டுத்தனமாகப் படிவம் அனுப்பும் சிஎஸ்ஆர்எஃப் வேலையையும் அது தடுக்கும். படிவத்தில் அதற்கான குறியை வைக்க மறந்தால், அனுப்பும்போது 403 என்று முகத்தில் அடிக்கும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஜாங்கோவில் ஓட்டையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 2025 நவம்பரில் அதன் வினவல் பகுதியிலேயே எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை ஒன்று வெளியாகி அடைக்கப்பட்டது. அடுத்த மாதமே ரியாக்டின் சர்வர் காம்பொனன்ட் பகுதியில், லாகின்கூட இல்லாமல் சர்வரில் நிரல் ஓட்டக்கூடிய ஓட்டை வெளிவந்தது. அபாய அளவு பத்துக்குப் பத்து. சாதாரண மெர்ன் ப்ராஜெக்ட்டை அது தொடவில்லை, நெக்ஸ்ட் ஜேஎஸ் பக்கம் போனவர்களைத்தான் தொட்டது. கவனிக்க வேண்டியது வேறு. ஜாங்கோவில் ஓட்டை வந்தால் ஓர் அறிவிப்பு, ஒரு பொதி, ஒரு அப்டேட். மெர்னில் நான்கு கருவிகள், அவற்றை ஒட்ட வைக்க முப்பது பொதிகள், அவை ஒவ்வொன்றும் இழுத்துக்கொண்டு வரும் சொந்தபந்தங்கள் நூற்றுக்கணக்கில். 2016 மார்ச்சில் லெஃப்ட் பேட் என்ற 11 வரிப் பொதியை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட, உலகமெங்கும் பெரிய பெரிய ப்ராஜெக்ட்டுகளின் பில்ட் நின்றுபோனது. ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளி சேர்ப்பதற்கு ஒரு பொதி! சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

இன்னொன்று, மாறிக்கொண்டே இருக்கும் மோஸ்தர். மெர்னுக்கு முன் மீன் இருந்தது. ரியாக்ட் இடத்தில் ஆங்குலர். ஆங்குலர் ஜேஎஸ் கற்றவர்கள் தலையில், 2016ல் முழுவதும் புதிதாக எழுதப்பட்ட ஆங்குலர் 2 இறங்கியது. பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது. ரியாக்ட் தொடங்குபவர்களுக்கெல்லாம் முதல் கட்டளையாகச் சொல்லித்தரப்பட்ட கிரியேட் ரியாக்ட் ஆப், 2025 பிப்ரவரியில் "இனி இதை எடுக்காதீர்கள்" என்று அதிகாரபூர்வமாக ஓரங்கட்டப்பட்டது. இன்னமும் பல செய்முறைக் கையேடுகளில் அந்தக் கட்டளை இருக்கிறது. ஜாங்கோவும் மாறாமல் இல்லை. ஆனால் 2008ல் 1.0 படித்தவர் இன்று 5.2ஐத் திறந்தால் மாடல், வியூ, டெம்ப்ளேட், அட்மின் என்று எல்லாம் அதே பெயரில், அதே குடும்பமாக இருக்கும். எதை எடுக்கப்போகிறார்கள் என்பதை இரண்டு பதிப்புக்கு முன்பே எச்சரித்துவிட்டுத்தான் எடுப்பார்கள்.

சரி, எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு வருவோம். முதலாவதும் வலுவானதும் வேலை. விளம்பரங்களில் ரியாக்டும் நோடும் அதிகம் என்பது உண்மை; அதை மறுத்துப் பயனில்லை. ஆனால் நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது "உன் ப்ராஜெக்ட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே பில்லைத் திருத்தினால் என்ன ஆகும்?" என்ற மாதிரிக் கேள்விகள். அதற்குப் பதில் சொல்ல டிரான்ஸாக்‌ஷன் தெரிந்திருக்க வேண்டும், அட்டவணை தெரிந்திருக்க வேண்டும், எச்டிடிபி தெரிந்திருக்க வேண்டும். ஜாங்கோவில் ஒரு ப்ராஜெக்ட்டை முழுசாக முடித்தவர் இவற்றையெல்லாம் மிதித்துத்தான் வந்திருப்பார். பின்னால் ரியாக்ட் கற்பது சில வாரங்களின் வேலை. அரைகுறை மெர்னோடு போனவர் லாகின் பக்கத்தைத் தாண்டிப் பேச முடியாமல் விழிப்பார்.

"ஒரே மொழி போதுமே" என்பது இரண்டாவது. முன்னாலும் ஜாவாஸ்கிரிப்ட், பின்னாலும் ஜாவாஸ்கிரிப்ட். கவர்ச்சியான வாதம். மொழி ஒன்றுதான், ஆனால் ரியாக்டின் ஸ்டேட்டும் மாங்கோடிபியின் வினவலும் இரண்டு தனி உலகங்கள். ஒன்றில் கற்றது மற்றதில் உதவுவது கொஞ்சமே. தவிர, பைதான் ஏற்கெனவே பாடத்தில் படித்த மொழி.

"பைதான் மெதுவானது" என்பது மூன்றாவது. மெதுவானதுதான். இன்ஸ்டாகிராம் 2010ல் ஜாங்கோவில்தான் தொடங்கியது. உலகத்திலேயே மிகப் பெரிய ஜாங்கோ அமைப்பு தங்களுடையது என்று அந்நிறுவனத்தின் பொறியாளர்களே 2016ல் எழுதினார்கள். 400 பேர் மாதம் ஒருமுறை பில் பார்க்கும் தளத்துக்கு மொழியின் வேகம் ஒரு கவலையா? ஜாங்கோவில் உண்மையான வேகப் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. தரவை எடுப்பது ரொம்ப எளிதாக இருப்பதால், எத்தனை வினவல் போகிறது என்றே தெரியாது. 400 பில்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் மாணவர் பெயரைக் காட்டினால், சத்தமில்லாமல் 401 வினவல் ஓடும். இணைத்து எடுக்கச் சொல்லும் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் ஒரே வினவலாகிவிடும். அந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ளும் வரை பக்கம் ஆமை வேகத்தில்தான் வரும். ஜாங்கோ ரசிகர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

சாட்ஜிபிடி இருக்கும்போது எதில் எழுதினால் என்ன என்று கேட்பவர்களும் வந்துவிட்டார்கள். அது எழுதித் தருவதைச் சரிபார்க்க வேண்டியவர் மாணவர்தானே? எந்தக் கோப்பில் எது இருக்க வேண்டும் என்று ஊர் வழக்கம் இருக்கும் இடத்தில் தப்பு கண்ணில் படும். வழக்கமே இல்லாத எக்ஸ்பிரஸ் வீட்டில் அது எந்த மூலையில் எதை வைத்தாலும் சரியாகத்தான் தோன்றும்.

எல்லாவற்றுக்கும் ஜாங்கோதான் என்றால் அது மூடநம்பிக்கை. திரையில் இழுத்து நகர்த்தி வரைய வேண்டிய கருவி, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அரட்டையடிக்கும் தளம் என்றால் நோடும் ரியாக்டும் முன்னால் நிற்கும். ஜாங்கோவிலும் சேனல்ஸ் என்ற துணைப் பொதியால் அரட்டை செய்யலாம், ஆனால் அதன் இயல்பான களம் அதுவல்ல. மொபைல் செயலிக்கு ஏபிஐ வேண்டுமென்றாலும் ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க் என்ற தனிப் பொதியைச் சேர்க்க வேண்டும். ஆனால் கல்லூரிகளில் செய்யப்படும் ப்ராஜெக்ட் தலைப்புகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் நூலக மேலாண்மை, வருகைப் பதிவு, ரத்த தானம் செய்வோர் பட்டியல், விடுதிக் கணக்கு, பழைய புத்தக விற்பனை என்றுதான் இருக்கும். எல்லாமே பட்டியலும் படிவமும்.

ஜாங்கோவைத் தொடங்க நினைப்பவருக்கு வீடியோகூட வேண்டாம். அதன் அதிகாரபூர்வத் தளத்திலேயே கருத்துக்கணிப்புத் தளம் ஒன்றைக் கட்டிப் பழகும் பாடம் எட்டுப் பகுதிகளாக இருக்கிறது. ஒரு வார இறுதி போதும். தரவுத்தளத்துக்கு ஒன்றும் நிறுவ வேண்டியதில்லை, எஸ்க்யூலைட் கூடவே வருகிறது. எடுக்க வேண்டிய பதிப்பு நீண்டகால ஆதரவுள்ள 5.2, அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஏப்ரல் வரை வரும். இப்போது மெஸ் கணக்குத் தளத்தைக் கட்டும் குழு மே மாதம் கல்லூரியை விட்டுப் போய்விடும். ஜூனில் கிளார்க் வந்து "பில்லில் அபராதத் தொகைக்கு ஒரு கட்டம் வேண்டும்" என்று கேட்கும்போது அங்கே இருக்கப்போவது மூன்றாம் ஆண்டு ஜூனியர். அவர் கோப்புறையைத் திறப்பார். மாடல்கள் எந்தக் கோப்பில் இருக்கும் என்று யாருக்கும் போன் செய்து கேட்க வேண்டியிருக்காது. ஒரு வரி சேர்த்து, மைக்ரேஷன் கட்டளை இரண்டை ஓட்டினால் பழைய பில்கள் பத்திரமாக இருக்க, புதிய கட்டம் அட்மின் பக்கத்தில் வந்து நிற்கும்.